எட்வர்டு ரோஜாவுக்கு நான் சொன்ன தவறான பதில்



இது கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்க" என்று தள்ளிக்கொண்டு போய்விடாதீர்கள். உங்களில் பலரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மே மாதம் மகள், மாப்பிள்ளை, பேத்தியோடு ஊட்டி போயிருந்தேன். மாப்பிள்ளை முன்கூட்டியே இ-பாஸ் எடுத்து வைத்திருந்தார். குன்னூர் வழியாக ஏறினோம். அங்கே வெயில் கொளுத்த, மேலே போனால் சால்வையைத் தேட வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் எல்லோரும் படகு இல்லத்துக்குப் போகலாம் என்றார்கள். "எனக்கு ரோஜாப் பூங்கா போதும்" என்று சொல்லிவிட்டேன். பேத்தியும் என்னோடு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள்.

விஜயநகரம் பகுதியில், எல்க் மலையின் சரிவில் இருக்கிறது அரசு ரோஜாப் பூங்கா. ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூறாவது ஆண்டு நினைவாக 1995-இல் உருவாக்கினார்கள். சுமார் 4 ஹெக்டேர் பரப்பு. மலைச் சரிவை ஐந்து அடுக்குகளாக வெட்டி, அடுக்கடுக்காகச் செடிகளை வைத்திருக்கிறார்கள். தொடங்கும்போதே 1,919 ரகங்கள் இருந்தனவாம். 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு இதைச் சிறந்த தோட்டங்களில் ஒன்றாகத் தேர்ந்து விருது கொடுத்தது. மேல் அடுக்கில் நின்று கீழே பார்த்தால் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் ஆரஞ்சுமாகப் பாய் விரித்தது போலிருக்கிறது. பேத்தி படமெடுத்துக்கொண்டே இருந்தாள்.

நான் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். எட்வர்டு ரோஜா.

நம் நிலக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. இளஞ்சிவப்பு நிறம், கொத்துக் கொத்தாகப் பூக்கும், காம்பு குட்டை, இதழ் நிறைய, வாசம் தூக்கும். பூச்சந்தையில் கிலோக் கணக்கில் போகும் பூ. மாலை கட்டுகிறவர்கள் நாட்டு ரோஜா என்பார்கள், சிலர் பன்னீர் ரோஜா என்றும் சொல்வார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு செடி இருந்தது. அம்மா பாத்திரம் கழுவுகிற தண்ணீர்தான் அதற்குப் பாய்ச்சல். பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒரு குச்சி வாங்கி நட்டது அது. பிறகு அம்மா அதிலிருந்து எத்தனை பேருக்குக் குச்சி வெட்டிக் கொடுத்தார் என்று கணக்கே இல்லை.

வகுப்பிலும் அந்தப் பூ இருந்தது. ஜூன், ஜூலையில் உங்களில் யாராவது ஒருத்தி தினம் ஒரு பூவை என் மேசையில் வைப்பீர்கள். அதை வைத்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

ஏழாம் வகுப்பு. வருடம் 1988 அல்லது 89. சன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன் எழுந்து, "டீச்சர், இதுக்கு ஏன் எட்வர்டு ரோஜான்னு பேரு?" என்றான்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்டு பேருப்பா. விக்டோரியா மகாராணியோட மூத்த மகன். இளவரசரா இருக்கும்போது 1875-இல் மெட்ராஸுக்குக்கூட வந்திருக்கார். அவர் நினைவா வச்ச பேரு" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "ராஜா வரும்போது செடியைக் கையோட கொண்டு வந்தாரா டீச்சர்?" வகுப்பே சிரித்தது. கேலி செய்கிறான் என்று நினைத்து, "உட்காரு, பாடத்தைக் கவனி" என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருடமும், யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும், ரோஜாவைக் கையில் எடுத்து அந்த ராஜா கதையைச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சொல்லியிருப்பேன்.

ஊட்டிக்கு வருவோம். ஒரு பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "எட்வர்டு ரோஜா எந்தப் பக்கம் இருக்கும்மா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அது எங்க வீட்டு வாசல்லயே இருக்கும்மா. இங்க எல்லாம் ஒட்டுக் கட்டினது. வேர் ஒண்ணு, பூ ஒண்ணு. ஜனவரியில கவாத்து பண்ணினா இப்ப சீசனுக்குப் பூக்கும்" என்றார். பேசிக்கொண்டே பட்டுப்போன பூ ஒன்றைக் கிள்ளிக் கூடையில் போட்டார்.

பேத்தி கேட்டாள், "அம்மாச்சி, எந்த எட்வர்டு?" வாய் தானாக ஆரம்பித்தது: விக்டோரியா மகாராணி, 1875, மெட்ராஸ். அவள் கைப்பேசியில் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மாச்சி, ஏழாம் எட்வர்டு பொறந்ததே 1841-லதான். ஆனா அந்த ரோஜா 1820-லயே இருந்திருக்குன்னு போட்டிருக்கு" என்றாள்.

அந்த இடத்திலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "கால் வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஊருக்கு வந்து பத்து நாள், கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவள் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன். இதுதான் அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

தோட்டக்கலை நூல்களில் எட்வர்டு ரோஜாவுக்குக் கொடுத்திருக்கும் தாவரப் பெயர் ரோசா பூர்போனியானா. பூர்போன் ரோஜா என்று அர்த்தம். பூர்போன் என்பது இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன எரிமலைத் தீவு. பிரான்சை ஆண்ட பூர்போன் அரச குடும்பத்தின் பெயர் அதற்கு. 1848 முதல் அதன் பெயர் ரீயூனியன். உலகப்படத்தில் ஒரு மிளகு அளவுகூட இருக்காது.

அந்தத் தீவில் தோட்டம் வைத்திருந்தவர்கள் நிலத்துக்கு ரோஜாச் செடியால் வேலி கட்டினார்கள். இரண்டு வரிசை வைப்பார்கள். ஒரு வரிசை சீனத்து ரோஜா. அதற்கு வாசம் குறைவு, ஆனால் வருடம் முழுக்கப் பூக்கும். இன்னொரு வரிசை டமாஸ்க் ரோஜா. பன்னீரும் அத்தரும் எடுக்கும் இனம், வாசத்துக்குப் பேர் போனது. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் கோடையில் ஒரு தடவை பூத்து ஓய்ந்துவிடும். இந்த டமாஸ்க் வகை மட்டும் இரண்டாம் முறையும் கொஞ்சம் பூக்கும்.

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் என்ன நடக்கும்? தேனீ தன் வேலையைச் செய்தது. மகரந்தம் மாறி விழுந்து, இரண்டுக்கும் பொதுவான ஒரு பிள்ளை பிறந்தது. டமாஸ்கின் வாசம், சீனத்து ரோஜாவைப் போல மறுபடி மறுபடி பூக்கும் குணம், இரண்டுமே அதற்கு வாய்த்தன. மாலைக்கு இந்தப் பூவை ஏன் விரும்புகிறோம் என்பதற்கும் காரணம் அதுதான். தீவின் சேன் பெனுவா பகுதியில் பெரிஷோன் என்ற நில உடைமையாளர், வேலிக்கு வைத்த கன்றுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வித்தியாசமாக இருப்பதைப் பார்த்து அதைத் தனியே எடுத்து நட்டார். 1817-இல் அரசுத் தோட்டத்தைக் கவனிக்க அங்கே வந்த ப்ரேயோன் என்ற தாவரவியலாளர், இது புதிது என்று கண்டுகொண்டு பெருக்கினார். விதையைப் பாரிஸுக்கு அருகே நுயீயில் ஆர்லியான்ஸ் கோமகனின் தோட்டத்துத் தலைமைத் தோட்டக்காரர் ஜாக் என்பவருக்கு அனுப்பினார். பூக்களை வரைவதில் அன்று ஐரோப்பாவில் நிகரில்லாதவர் ரெதூத்தே. அவர் இந்தப் பூர்போன் ரோஜாவையும் வரைந்தார்.

தீவில் அந்தச் செடிக்கு என்ன பெயர் தெரியுமா? ரோஸ் எதுவார். பெரிஷோனின் முழுப்பெயரையே எதுவார் பெரிஷோன் என்று சில ரோஜா நூல்கள் எழுதுகின்றன. எதுவார் என்ற பிரெஞ்சுப் பெயர் ஆங்கிலத்தில் எட்வர்டு. பிரெஞ்சுக்காரர் வீட்டுப் பெயர் ஆங்கிலேயர் வாயில் புகுந்து எட்வர்டாகி, நம் கிணற்றடிக்கு வந்திருக்கிறது. ராஜாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே இந்தச் செடி பாரிஸ் வரை போயிருந்தது.

நான் ஏன் தவறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். நான் சொன்ன ஒவ்வொரு விவரமும் தனித்தனியே உண்மை. ஏழாம் எட்வர்டு விக்டோரியாவின் மூத்த மகன், உண்மை. 1875-இல் மெட்ராஸ் வந்தார், உண்மை. 1901 முதல் 1910 வரை ஆண்டார், உண்மை. அவற்றை அந்தப் பூவோடு கட்டிய நூல் மட்டும்தான் பொய். வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் மார்க்கெட்டுக்கும் தெருவுக்கும் ராஜா ராணி பெயர் வைத்ததைப் பார்த்துப் பழகிய மனது, எட்வர்டு என்றதும் தெரிந்த எட்வர்டிடம் ஓடிவிட்டது. பொருந்துகிறதா என்று பார்த்தேன். உண்மையா என்று பார்க்கவில்லை.

இன்னும் ஒன்று படித்தேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த ரோஜா வேலிகள் இருந்த தோட்டங்களில் பாடுபட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். பூவுக்கு முதலாளியின் பெயர் நின்றது. மண்ணைக் கொத்தியவர்கள் பெயர் எதிலும் இல்லை. அதே தீவில், அதே 1841-இல், அதாவது லண்டன் அரண்மனையில் எட்வர்டு பிறந்த வருடத்தில், எட்மோன் என்ற அடிமைப் பையன் ஒரு வேலை செய்தான். அவனுக்கு வயது பன்னிரண்டு. தீவில் வெனிலாக் கொடி நன்றாக வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. வெனிலாவின் சொந்த ஊரான மெக்சிகோவில் மகரந்தம் சேர்க்கும் பூச்சி இங்கே இல்லை. பூவும் ஒரே நாளில் வாடிவிடும். பெரிய படிப்புப் படித்தவர்கள் சோர்ந்திருந்த இடத்தில், இந்தப் பையன் ஒரு மெல்லிய குச்சியால் பூவுக்குள் இருக்கும் சிறு மடலை விலக்கி, கட்டைவிரலால் அழுத்தி மகரந்தத்தைச் சேர்த்துக் காட்டினான். காய் பிடித்தது. உலகம் முழுக்க இன்றும் வெனிலாவை அந்த முறையில்தான் காய்க்க வைக்கிறார்கள்.

ஆனால் ஒரு அடிமைப் பையனுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும் என்றுதான் பலர் பேசினார்கள். நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு தாவரவியலாளர் உரிமை கொண்டாடினார். பையனுடைய எசமானரே எழுந்து, இல்லை, இவனே கண்டுபிடித்தது என்று எழுதி வைத்ததால்தான் அவன் பெயர் பிழைத்தது. 1848-இல் அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியுஸ் என்று ஒரு குடும்பப் பெயர் கொடுத்தார்கள். அவன் கண்டுபிடிப்பால் தீவு பணக்காரத் தீவானது. அவன் 1880-இல் வறுமையில் இறந்தான்.

அடிமை முறை போனதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய சந்ததியினரை அங்கே மலபார் என்கிறார்கள். மொழி பெரும்பாலும் போய்விட்டது. கோயிலும் காவடியும் தீமிதியும் இருக்கின்றன. அங்கே பிறந்த பூ இங்கே மாலையாகிறது. இங்கே பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே சாமிக்கு மாலை சாத்துகிறார்கள். நான் பாடத்தில் ஒப்பந்தக் கூலி முறையை நடத்தியபோது, மேசையிலேயே அந்தத் தீவின் பூ இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

ஊட்டிப் பூங்காவையும் முடித்துவிடுகிறேன். அங்கே நாம் வாய் பிளந்து பார்க்கும் பெரிய பூக்கள் எல்லாம் பெரும்பாலும் ஹைப்ரிட் டீ என்ற வகையும் அதன் உறவுகளும். 1867-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் கியோ என்பவர் உருவாக்கிய 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை அந்த வகையின் முதல் பூவாகச் சொல்வார்கள். பூர்போன் ரோஜாக்களை மற்றவற்றோடு கலந்து ஒரு தலைமுறை, அதைத் தேயிலை வாசம் கொண்ட சீனத்து ரோஜாக்களோடு கலந்து அடுத்த தலைமுறை என்று வந்தவை அவை. நான் பூங்கா முழுக்கத் தேடிய எட்வர்டு ரோஜாவின் ரத்தம் அந்தப் பாத்திகளில் ஓடுகிறது. கல்யாண வீட்டில் பேரன் பேத்திகளை எல்லாம் பார்த்துவிட்டு, "பாட்டி எங்கே?" என்று கேட்டவள் போல நான் அலைந்திருக்கிறேன்.

நீலகிரியில் இயற்கையாகவே வளரும் ஒரு ரோஜாவும் உண்டு. சோலைக்காட்டு ஓரங்களில் படர்ந்து வெள்ளையாகப் பூக்கும் காட்டு ரோஜா. ஐந்தே இதழ். அதன் தாவரப் பெயரில் இருப்பவர் லெஷ்னோ, புதுச்சேரியில் 1816 முதல் சில வருடம் தங்கித் தாவரங்களைச் சேகரித்த பிரெஞ்சுக்காரர். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கொடி காலங்காலமாகத் தெரியும். புத்தகத்தில் ஏறியது வந்து போனவர் பெயர். இதையும் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன்.

எட்வர்டு ரோஜா குச்சி வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும் செடி. கை மாறிக் கை மாறிப் பரவும். நான் சொன்ன தவறான பதிலும் அப்படித்தான் பரவியிருக்கும். என்னிடம் படித்தவர்களில் பதினொரு பேர் இன்று ஆசிரியர்கள் என்று எனக்குத் தெரிந்தே இருக்கிறது. அதில் யாராவது இந்த ராஜா கதையைத் தங்கள் வகுப்பில் சொல்லியிருந்தால், அந்தப் பிழை என்னுடையது. தயவுசெய்து திருத்திச் சொல்லுங்கள். "எங்க டீச்சர் தப்பா சொன்னாங்க" என்றே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பாடம்.

மூன்றாவது பெஞ்சுப் பையனுக்கு: உன் பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதினால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்பதால் எழுதவில்லை. "ராஜா செடியைக் கொண்டு வந்தாரா" என்று நீ கேட்டது கேலி இல்லையப்பா. ஒரு செடி எங்கிருந்து, யார் கையில், எப்படி வந்தது என்று கேட்டாய். வரலாற்றில் அதைவிடச் சரியான கேள்வி கிடையாது. அன்று நீயும் பன்னிரண்டு வயசுப் பிள்ளைதான். தெரியாது, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உட்காரச் சொல்லிவிட்டேன். முப்பத்தைந்து வருடம் கழித்து உன் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன். படித்தால் ஒரு வரி போடு.

கிணற்றடிச் செடி இப்போது இல்லை. கிணறும் இல்லை. ஆனால் அம்மா கொடுத்த குச்சி என் தங்கை வீட்டில் பிடித்து, இன்றும் பூக்கிறது. போன வாரம் அதிலிருந்து பென்சில் தடிமனில் இரண்டு குச்சி வெட்டிக்கொண்டு வந்து, பேத்தியைக் கொண்டே மொட்டை மாடித் தொட்டியில் நடவைத்தேன். தொட்டியில் அவள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். "எட்வர்டு ரோஜா. ராஜா இல்லை" என்று எழுதியிருக்கிறது. ஒரு குச்சி கறுத்துவிட்டது. இன்னொன்றில் நேற்று துளிர் தெரிந்தது.

உங்கள் ஊரில் இந்தப் பூவுக்கு என்ன பெயர், உங்கள் வீட்டுக்கு அது யார் கொடுத்து வந்தது என்று கீழே எழுதுங்கள். இந்த முறை நான் உட்காரச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்